பூங்கோரைப் பருவத்துக்கு ஒரு தண்ணீர் ஜாடி

ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில் கடல் பச்சையாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். வலையிறக்கப் போய்வந்தவர்களே சொல்லிவிடுவார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, தெற்குக் கடலாகிய மன்னார் வளைகுடா அமரும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் 'பூங்கோரை வந்திருக்கிறது' என்ற பேச்சு டீக்கடைகளில் எழும். கருவி வேண்டியிருப்பது அடுத்த கேள்விக்குத்தான். அந்தப் பச்சைக்கு அடியில் கிடக்கும் மீனுக்கும் நண்டுக்கும் பவளத்துக்கும் மூச்சுவிட ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா? அதை அளப்பதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாட்டை இங்கே எழுதிவைக்கிறேன். பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் தயவும் கொஞ்சம் பழைய சாமான்களும் இருந்தால் போதும்.

முதலில் பூங்கோரை என்பது யார் என்று பார்த்துவிடலாம். அறிவியல் பெயர் நாக்டிலூகா சிண்டிலான்ஸ். ஒற்றைச் செல் உயிரி. ஆனால் ஒற்றைச் செல்லுக்கு மிகப் பெரியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கண்ணாடிக் குவளையில் அள்ளிக் கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்தால், ஊறிய ஜவ்வரிசியைப் பொடிப்பொடியாக்கி மிதக்கவிட்டது போல வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்குச் சொந்த நிறம் கிடையாது. அதன் உடலுக்குள்ளே குடியிருக்கும் நுண்ணிய பச்சைப் பாசிகள்தாம் கடலுக்கு அந்த நிறத்தைத் தருகின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து வீட்டுக்காரருக்கும் சோறு போடுகின்றன. வீட்டுக்காரரும் சும்மா இருப்பதில்லை. அகப்பட்ட மிதவை உயிர்களை எல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கிறார்.

இந்த உயிரி மேலே மிதப்பதற்காகத் தன் உடலுக்குள் அம்மோனியத்தைச் சேர்த்துவைக்கிறது. அதனால்தான் காற்றில்லாத நாளில் மேற்பரப்பில் ஆடையாகப் படர்கிறது. காற்று திரும்பியதும் மொத்தமாகக் கரைக்கு ஒதுங்குகிறது. சிப்பியின் உடலில் ஏறி மனிதரைக் கொல்லும் நஞ்சு எதுவும் இதனிடம் இருப்பதாகக் கண்டறியப்படவில்லை. மீன்களை இது கொல்வது இரண்டு வழிகளில்: செல்கள் உடையும்போது வெளிவரும் அம்மோனியா ஒன்று, ஆக்சிஜன் தீர்ந்துபோவது மற்றொன்று. 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் இது பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின. 2019 செப்டம்பரிலும் அதே கதைதான். அந்த முறை சிங்கிள் தீவை ஒட்டிய பவளத் திட்டுகளில் ஆக்சிஜன் சரிந்து, வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா வகைப் பவளங்கள் செத்தன என்று தூத்துக்குடியிலிருந்து போன ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெப்பத்தால் பவளம் வெளுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மூச்சுத் திணறியும் பவளம் சாகும் என்பது எனக்குப் புதிய செய்தி.

செயற்கைக்கோள் இருக்கும்போது ஜாடி எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் பாசிப் பெருக்கத் தகவல் சேவை ஒன்றை நடத்துகிறது. அவர்கள் கூர்ந்து கவனிக்கும் இடங்களில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. சென்டினல்-3 செயற்கைக்கோளின் படங்களை யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். நானும் தினமும் பார்க்கிறேன். ஆழ்கடலில் பச்சைத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 300 மீட்டருக்கு 300 மீட்டர். கரையோரப் புள்ளியில் பாதி மணலாகவும் பாதி தண்ணீராகவும் இருக்கும். தீவுகளைச் சுற்றியோ ஆழம் குறைவு. அடியில் இருக்கும் கடற்புல் மேலே தெரிந்து, அதையும் பாசி என்று கணக்கில் சேர்த்துவிடும். புரட்டாசி மேகம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, செயற்கைக்கோள் பார்ப்பது பகலில், அதுவும் மேல்தோலை மட்டும்.

எனக்கு வேண்டியதோ விடியுமுன், அதுவும் அடித்தண்ணீர். பகலெல்லாம் பச்சைப் பாசிகள் ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் மத்தியானம் அளந்தால் கடல் கொழுத்த ஆரோக்கியத்தோடு தெரியும். இரவில் உற்பத்தி நின்றுவிடும். மூச்சுவிடுவது மட்டும் எல்லா உயிருக்கும் தொடரும். ஆக, ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் வருகிறது. காலை பத்து மணிக்கு வண்டியில் வந்து இறங்கி, மேலே ஒரு வாளி தண்ணீர் மொண்டு அளந்து, 'ஆக்சிஜன் இயல்பாக இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அளவில் தவறில்லை, அளந்த நேரத்தில்தான் தவறு.

அடித்தண்ணீரை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணப் புட்டியில் கல்லைக் கட்டி இறக்கினால், தண்ணீர் உள்ளே போகும்போது புட்டியில் இருந்த காற்று குமிழியிட்டு வெளியேறும். அந்தக் குமிழிகளே தண்ணீரில் ஆக்சிஜனைக் கரைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரை எடுக்கப்போய் நாமே அதற்கு ஊட்டிவிடுவோம். இதற்கு ஆய்வகங்களில் பழைய வழி ஒன்று இருக்கிறது: புட்டிக்குள் புட்டி.

வாய் அகன்ற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடி எடுத்துக்கொண்டேன். அதன் அடியில் பி.வி.சி. குழாயின் வளையத் துண்டு ஒன்றை ஒட்டி, அதற்குள் 125 மில்லி கண்ணாடிப் புட்டி ஆடாமல் நிற்கும்படி செய்தேன். ஜாடியின் மூடியில் இரண்டு துளைகள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் லெவல் டியூபில் இரண்டு துண்டுகள். உள்வரும் குழாய் மூடிக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, கீழே கண்ணாடிப் புட்டியின் அடிவரை இறங்குகிறது. காற்று வெளியேறும் குழாய் மூடியின் உட்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மேலே அது முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. துளைகளைச் சுற்றி எம்-சீல்.

இந்த உயர வித்தியாசத்தில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. இரண்டு குழாய்களின் வாயும் ஒரே மட்டத்தில் இருந்தால், எதன் வழியாகத் தண்ணீர் போவது, எதன் வழியாகக் காற்று வருவது என்ற தீர்ப்பு இல்லாமல் இரண்டும் ஒரே குழாயில் மல்லுக்கட்டும். ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் இருந்தால், தாழ்ந்த வாயில் தண்ணீரின் அழுத்தம் கூடுதல். அதன் வழியாகத் தண்ணீர் அமைதியாக இறங்கிக் கண்ணாடிப் புட்டியை அடியிலிருந்து நிரப்பும். புட்டி நிரம்பி வழிந்து ஜாடியில் சேரும். ஜாடி நிரம்பி முடிவதற்குள் புட்டியில் இருக்கும் தண்ணீர் ஐந்தாறு முறை புதிதாக மாறியிருக்கும். காற்றைத் தொட்ட முதல் தண்ணீர் எப்போதோ வெளியே போயிருக்கும்.

இறங்கும் வழியில் மேல்தண்ணீர் புகாமல் இருக்க இரண்டு குழாய் வாய்களிலும் சிறு தக்கைகள். இரண்டையும் ஒரே தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) முடிந்து மேலே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாடி அடியைத் தொட்டதும் சுண்டி இழுத்தால் இரண்டும் ஒன்றாகக் கழன்றுவிடும். உயரக் குழாயின் தக்கையைக் கொஞ்சம் தளர்வாகவே செருகுங்கள். இழுப்பு அதற்குச் சாய்வாக விழுவதால் இறுக்கமாக இருந்தால் குச்சியே வளையும்.

பாரம் கட்டுவதில் கணக்குப் பார்க்காவிட்டால் ஜாடி மிதந்துகொண்டு நிற்கும். காற்றடைத்த ஒரு லிட்டர் ஜாடியைக் கடலில் அமுக்க ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். மீன்பிடி ஈயத்தைக் கடலில் தொங்கவிட எனக்கு மனம் இல்லை. ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே கம்பி வளையம் ஒன்றைச் செருகிவைத்தேன். தரையில் அது இரண்டேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். தண்ணீருக்குள் இறங்கினால் அதன் எடையில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் மிஞ்சும். அதுவும் ஜாடியின் சொந்த எடையும் சேர்ந்து கணக்கைச் சரிக்கட்டின. பாரத்தை ஜாடியின் அடியில் ஒட்டாமல் முப்பது சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். பாரம் சேற்றில் உட்கார, ஜாடி அதற்கு மேலே நிற்கும். சேறு கலங்கி உள்ளே போனால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஆக்சிஜன் கணக்கையே கெடுத்துவிடும்.

எங்கே இறக்குவது என்பதில் ஒரு சட்ட வரம்பு இருக்கிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய கடலில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. ஆகவே நான் படகுத்துறைப் பாலத்தின் கோடியில் நின்றே இறக்குகிறேன். ஆழம் மூன்று மீட்டருக்குள்தான். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு நிற நூல். டார்ச் அடித்தால் காற்றுக் குமிழிகள் மேலே வருவது தெரியும்; அவை நின்றதும் சற்றுப் பொறுத்து, ஜாடியைச் சாய்க்காமல் தூக்க வேண்டும். மூடியைத் திறந்து, ஜாடித் தண்ணீருக்குள் கையை விட்டு, மூழ்கியிருக்கும் நிலையிலேயே கண்ணாடிப் புட்டிக்கு அதன் தேய்ப்பு மூடியைப் போட்டுவிட்டால் ஒரு குமிழிகூட உள்ளே சிக்காது.

இனி வேதியியல். 1888-இல் ஹங்கேரிக்காரரான விங்க்ளர் சொல்லிவைத்த முறை இன்னும் அசைக்க முடியாமல் நிற்கிறது. மின்முனை கொண்ட மீட்டர்கள் கிடைக்கின்றன. அவற்றின் சவ்வை மாற்றி, உப்புத்தன்மைக்குத் திருத்தம் செய்து, கடைசியில் சரிபார்ப்பதற்கு விங்க்ளர் முறைக்கே வரவேண்டியிருப்பதால் நான் நேரே மூலத்துக்குப் போய்விட்டேன். பாலத்திலேயே புட்டியைத் திறந்து, பிப்பெட்டின் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்து, மாங்கனீஸ் சல்பேட் ஒரு மில்லி, காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடு ஒரு மில்லி விட்டு, மூடி, தலைகீழாகப் பல முறை புரட்ட வேண்டும். கழிவுநீருக்குச் சேர்க்கும் சோடியம் அசைடு கடல்நீருக்குத் தேவையில்லை. கொடிய நஞ்சு, ஆய்வக அலமாரியிலேயே இருக்கட்டும்.

இந்த இடத்தில் புட்டியைக் கூர்ந்து பாருங்கள். எண் வருவதற்கு முன்பே விடை இங்கே தெரிந்துவிடும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தால், விட்ட இடத்திலிருந்தே காப்பிப் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு சுருள்சுருளாகப் பரவும். குறைவாக இருந்தால் வெளிறிய மஞ்சள். அறவே இல்லை என்றால் வெள்ளையாகவே நிற்கும். மங்கலான டார்ச் வெளிச்சத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வெள்ளைத் தாள் ஒன்றைப் புட்டிக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிறேன். என்னோடு வரும் மாணவர்களுக்கு, பிறகு துளித்துளியாக விட்டு அளக்கும் பியூரெட் குழாயைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

இப்படி நிலைப்படுத்திய புட்டியைத் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் அமிழ்த்தி, மேலே துணியால் மூடி எடுத்துப்போனால் சில மணி நேரம் கெடாது. அமிலம் சேர்ப்பதைப் பாலத்தில் செய்யாதீர்கள். அடர் கந்தக அமிலமும் ஆடும் பலகையும் இருட்டும் சேரக் கூடாத கூட்டணி. ஆய்வகத்தில் ஒரு மில்லி அமிலம் விட்டதும் வீழ்படிவு கரைந்து, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனுக்கு ஏற்ற அளவில் அயோடின் வெளிவந்து நிறம் தரும். அதில் 100 மில்லி அளந்து, 0.0125 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டை அயோடின் தீரும்வரை துளித்துளியாக விட்டுத் தரம் பார்க்க வேண்டும். வைக்கோல் மஞ்சள் வந்ததும் ஸ்டார்ச் இரண்டு துளி. நீலம் மறையும் முதல் கணம்தான் முடிவு. மறைந்த நீலம் சற்று நேரத்தில் திரும்பி வந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இந்தச் செறிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சோம்பல்: பியூரெட்டில் செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன், பெருக்கல் வகுத்தல் கிடையாது. வேதிப்பொருள்கள் வெளித்தள்ளிய தண்ணீருக்காக நூற்றுக்கு ஒன்றரை பங்குக்குச் சற்று மேல் கூட்டிக்கொள்ளலாம். தயோசல்பேட் நாள்பட வீரியம் குறையும் என்பதால் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மேலே படர்ந்திருக்கும் ஆடையையே அள்ளி இந்த முறையில் அளக்காதீர்கள். செல்களின் கரிமப் பொருள் அயோடினைத் தின்றுவிடும்; உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அம்மோனியாவுக்கு மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் உப்புநீர்ச் சோதனைப் பெட்டி போதுமானது. அங்கேயும் செல்கள் நசுங்கினால் அவற்றுக்குள் இருப்பதும் சேர்ந்து கொட்டும். ஆகவே தண்ணீரைத் துணியில் வடிகட்டும்போது பிழியாமல், தானாக வடியவிட்டு எடுங்கள்.

மிதவை வலையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளில் சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள பாலியஸ்டர் துணி கிடைக்கிறது. அதன் கண் ஏறக்குறைய 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பூங்கோரைக்கு அது தாராளம். விட்டம் 25 சென்டிமீட்டர் கம்பி வளையம், கூம்பாகத் தைத்த துணி, முனையில் ஒரு மாத்திரை டப்பா. பத்து மீட்டர் இழுத்தால் 500 லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் வடிகட்டப்படும். பருவம் தொடங்கும் முன்பு, கண்ணுக்கு எதுவும் தெரியாத நாட்களில்தான் இதற்கு வேலை. பெருகிவிட்ட பிறகு இழுத்தால் துணி அடைத்துக்கொண்டு வெறும் பை போலக் கூடவே வரும். அப்போது ஒரு சொம்பு போதும். எண்ணுவதற்கும் விலையுயர்ந்த நுண்ணோக்கி வேண்டாம். பெட்ரி தட்டின் கீழே வரைபடத்தாளை வைத்து, பத்து மடங்கு கைலென்ஸால் எண்ணிவிடலாம். நுண்ணோக்கியின் நான்கு மடங்குப் பொருளருகு லென்ஸ் கிடைத்தால் வால் போன்ற இழை ஒன்று மெதுவாக வளைந்து நிமிர்வதும், உள்ளே பச்சைப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருப்பதும் தெரியும். உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். அயோடின் விட்டுப் பதப்படுத்தினால் செல் சுருங்கிப் பச்சையும் மறைந்துவிடும்.

பதிவேட்டுக்கு வருகிறேன். 30 பாகை செல்சியஸில் சாதாரண உப்புள்ள கடல்நீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு சுமார் 6.2 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு அது பாலைவனம். பச்சை வராத நாட்களில் விடியல் அளவு 5-ஐ ஒட்டியே நின்றது. பச்சை படர்ந்தபோது மத்தியான மேல்தண்ணீர் 8-ஐத் தாண்டியது. அதே நாள் விடியலில் அடித்தண்ணீர் 4-க்குக் கீழே. நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். எதிர்பாராதது பிறகு வந்தது. காற்று திரும்பி, பச்சை கலைந்து, கடல் தெளிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியான பிறகுதான் விடியல் அளவு 3-க்கும் கீழே இறங்கியது. புட்டியில் வீழ்படிவு வெளிறிய மஞ்சளாகவே நின்றது.

காரணம் எளிது. செத்த செல்கள் அடியில் படிகின்றன. அவற்றை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் குடிக்கின்றன; அதை ஈடுகட்டப் பகலில் உற்பத்தி செய்ய மேலே பாசியும் இல்லை. பாலத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தெளிந்த பிறகுதான் வாத்தியாரே, நண்டு ஓரத்துக்கு ஏறி வரும், விலாங்கு மேலே தலைதூக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் கையாலேயே பிடிப்பார்கள்" என்றார். விங்க்ளர் முறையில் நான் கண்டதை அவர் விலாங்கு முறையில் கண்டிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போவதால் இப்போது பதிவேட்டில் 'நண்டு, விலாங்கு' என்று தனிப் பத்தி ஒன்று சேர்த்திருக்கிறேன்.

பச்சை மறைந்ததும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், படம் எடுக்கிறவர்களும் போய்விடுகிறார்கள். அளவெடுப்பதை அதற்குப் பிறகும் இரண்டு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இந்த ஏற்பாட்டால் முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சிப்பி, மட்டி தின்னலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதற்கு இந்த ஜாடி விடை தராது. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் தின்றவர்கள் இறந்தது வேறு வகைப் பாசிகளின் நஞ்சால். அந்த நஞ்சு கடலின் நிறத்தை மாற்றாமலே சிப்பியில் ஏறக்கூடியது, வேகவைத்தாலும் அழியாது. அதைச் சொல்லத் தகுந்த ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, குழாய்களுக்குள் ஒரு கம்பியில் சுற்றிய துணியை விட்டுத் துடைத்தால் பாசி பிடிக்காது. புட்டியில் படியும் மாங்கனீஸ் பழுப்புக் கறைக்கு வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கரைத்து ஊற்றினால் உடனே போய்விடும். எம்-சீல் வெயிலில் விரிசல் விடுகிறது. பருவம் தொடங்கும் முன்பு சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்ததாக இன்னொரு ஜாடி தயாராகிக்கொண்டிருக்கிறது. அது வடக்குக் கடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கத்துப் படகுத்துறைக்கு. வாய்க்கால் போன்ற பாம்பன் நீரிணை வழியாகத் தண்ணீர் மாறும் நாட்களில் இரண்டு பக்கமும் ஒரே விடியலில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அதற்கு அதிகாலை நாலரை மணிக்கு எழக்கூடிய இன்னொரு ஆள் வேண்டும். மாணவர்களில் ஒருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுடைய அப்பாவும் கூட வருவார் என்ற ஏற்பாட்டில்.